தலைப்பிரசவம் முடிந்த பிறகு



நம் இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களை நான் ஒருமுறை படித்துவிட்டுத்தான் டாக்டர்களுக்கு அனுப்புவது வழக்கம். அவற்றில் தலைப்பிரசவம் ஆன பெண்கள் எழுதுபவை தனியாகத் தெரியும். "பால் குடித்த கையோடு பிள்ளை மலம் கழிக்கிறது, வயிற்றுப்போக்கா?" "தூங்கும்போது திடீரென்று கையை உதறி விழிக்கிறது, வலிப்பா?" "எனக்குப் பால் பத்தவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், பவுடர் பால் வாங்கலாமா?" "பிறந்து நாலு நாளான பெண் குழந்தை. துணியில் துளி ரத்தம் பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது."

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டாக்டர்கள் எழுதும் பதில் இரண்டு வரிதான். பயப்பட வேண்டாம், இது இயல்பு. ஆனால் அந்த இரண்டு வரி அச்சாகி, கேட்டவள் கைக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை குப்புற விழத் தொடங்கியிருக்கும். பயந்து கிடந்த ராத்திரிகளை அவள் தனியாகவே கடந்திருப்பாள். இப்படி எழுதுகிறவர்களில் பட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மாசமாக இருந்தபோது ஒரு செக்கப்பைக்கூடத் தவறவிடாதவர்கள். பிள்ளை பிறந்த பிறகு என்னென்ன வரும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை மட்டும் யாரும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இந்த மாதம் அதைப் பற்றியே உங்களிடம் பேசுகிறேன்.

பிரசவத்தைப் பத்திரமாக்கியதில் தமிழ்நாடு செய்திருப்பது சாதாரண காரியமல்ல. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொன்னது அவர்கள் கண்ணால் பார்த்த சாவுகளை வைத்துத்தான். இன்றைக்கு நிலைமை வேறு. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. கர்ப்பம் தெரிந்ததும் அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மி எண், மாதாமாதம் செக்கப், ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, அங்கன்வாடியில் சத்துமாவு என்று ஒரு பெரிய ஏற்பாடே அந்தப் பெண்ணைச் சுற்றி நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் தரப்படுகிறது. இவ்வளவும் பல தலைமுறைப் பெண்களும் மருத்துவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் உழைத்துக் கொண்டுவந்தவை.

அதே கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டவர்கள் 55.1 சதவீதம். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் மருத்துவமனையில் பிறக்கிற மாநிலத்தில், டாக்டரும் நர்சும் எட்டிக் கூப்பிடும் தூரத்தில் இருக்கும்போதே, பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு முதல் மணி நேரத்துப் பால் கிடைக்கவில்லை. இங்கே 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சையாக நடக்கின்றன என்பது இதற்கு ஒரு காரணம். மரப்பு ஊசியும் தையல் வலியுமாகக் கிடக்கிறவளால் தானாகத் திரும்பிப் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது, ஒரு கை உதவி வேண்டும். கட்டடமும் கருவியும் மருந்தும் நம்மிடம் வந்துவிட்டன. பிரசவத்துக்குப் பிறகு பக்கத்தில் இருந்து கற்றுத்தரும் அந்தக் கைதான் இன்னும் போதுமான அளவு வரவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். கணவர் பில் கட்டவோ கையெழுத்துப் போடவோ ஓடிக்கொண்டிருப்பார். அம்மா பிளாஸ்கையும் பக்கெட்டையும் எடுத்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டிருப்பார். வெளியே கார் வந்து நிற்கும், ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று ஒரு பெரியவர் அவசரப்படுத்துவார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நர்ஸ் வந்து மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, தையலை நனைக்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடு, ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வா என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொல்வதில் குறையில்லை. அவருக்கும் அடுத்த கட்டிலில் ஆள் காத்திருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல், உடம்பெல்லாம் வலியோடு, நிற்கவே தடுமாறுகிற ஒருத்தியின் மனதில் அந்த நேரத்தில் எது தங்கும்?

தொல்லைகள் எல்லாம் அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வரிசையாக வருகின்றன. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பால் நன்றாகச் சுரந்து மார்பு கனத்துக் கல்லாகிப்போவது மூன்றாம் நாளை ஒட்டி. பிள்ளையின் எடை குறைவதும் முதல் சில நாட்களில்தான். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, பத்துப் பதினான்கு நாளில் பழையபடி ஏறிவிடும் என்பது தெரியாத வீட்டில் "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்ற பேச்சு கிளம்பும். மஞ்சள் காமாலை இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டி நான்காம் ஐந்தாம் நாளில் கூடும். காரணமே தெரியாமல் அழுகை வருவதும் மூன்றாம் நான்காம் நாளில். சுகப்பிரசவமானால் பெரும்பாலும் மூன்றாம் நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சொல்லித் தரக்கூடியவர்களைப் பிரிந்து வீட்டுக்கு வருகிற அதே நாட்களில் கேள்விகள் எல்லாம் பிறக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட பரிந்துரைகள் இதை உணர்ந்தே எழுதப்பட்டவை. பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், அதன் பிறகு, பிரசவமான இரண்டு மூன்று நாளில் ஒருமுறை, இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்கின்றன அவை.

பால் கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். இது தானாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுரப்பது இயற்கை. கொடுப்பது பழக்கம். பிள்ளையின் வாய் காம்பை மட்டும் கவ்வினால் காம்பு புண்ணாகும், பாலும் சரியாக வராது. வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்போடு அணைக்க வேண்டும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடை மார்பில் பட வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் பிதுங்கியிருக்க வேண்டும். இதை நான் எழுதுவதும் நீங்கள் படிப்பதும் எளிது. கரையில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லித்தர முடியாது. தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைத் தளர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, பிள்ளையின் தலையைப் பிடிக்கிற கையை ஒருமுறை சரிசெய்து காட்டினால் இரண்டு மூன்று தடவையில் வந்துவிடும். என் தலைப்பிரசவத்தில் ராத்திரி டியூட்டியில் இருந்த ஒரு செவிலியர் அப்படிக் காட்டிக்கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எத்தனையோ புத்தகம் படித்திருந்த எனக்கு அந்தக் கைதான் உதவியது.

அடுத்தது, பால் பத்தவில்லை என்ற பயம். தலைச்சன் பிள்ளைக்காரிகளைப் பிடித்து ஆட்டும் பயங்களில் இதைவிடப் பெரியது இல்லை. முதல் இரண்டு நாள் சுரக்கும் சீம்பால் சில சொட்டுதான் இருக்கும். அந்தச் சில சொட்டு அந்தச் சின்ன வயிற்றுக்குப் போதும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. பிறகு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை வரை பிள்ளை பால் கேட்கும், ராத்திரியும் கேட்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஒன்றுக்குப் போன துணியை எண்ணத் தெரிந்தால் போதும், பாதிப் பயம் போய்விடும். எண்ணத் தெரியாத வீட்டில் பிள்ளை ஒருமுறை வீறிட்டு அழுதால் பவுடர் டப்பா வந்து இறங்கிவிடுகிறது. டப்பாப் பாலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைக் குறைவாகச் சப்பும். குறைவாகச் சப்பினால் குறைவாகத்தான் சுரக்கும். பத்து நாளில் "பார்த்தியா, உனக்குப் பாலே இல்லை" என்பது உண்மையாகவே ஆகிவிடும். பால் பவுடர் விளம்பரத்தை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடை சரிதான். ஆனால் விளம்பரமே இல்லாமல், பயத்தால் மட்டுமே இன்னும் டப்பா விற்கிறது.

இனி வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றி. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் ஊர் வழக்கம். அதில் பெரிய அறிவு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். பச்சை உடம்புக்காரி என்று சொல்லி அவளை வேலை செய்யவிடாமல், வெந்நீர் வைத்துக்கொடுத்து, பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கருவாடும் சமைத்துப்போட்டு, ராத்திரி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிற ஒரு அம்மாவுக்கு ஈடு ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அந்த அம்மாவை ஒதுக்கிவிட்டு மகளுக்கு மட்டும் பாடம் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டில் செல்லாது. பிள்ளை பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைப்பதும், தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றுவதும், உரைமருந்து இழைத்துப் புகட்டுவதும், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதிச் சளி எடுப்பதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் பாசத்தில் செய்யப்படுபவைதான். பாசத்தில் செய்தாலும் கிருமி உள்ளே போகும், புரையேறும். தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலரவிட்டால் அது தானாக விழுந்துவிடும். அதேபோல, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்று பிள்ளை பெற்றவளைத் தாகத்தோடு வைப்பதும், பழமும் கீரையும் குளிர்ச்சி என்று பத்தியத்தில் தள்ளிவைப்பதும் அவளுக்குத்தான் நஷ்டம். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீரும் சாப்பாடும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும்.

இதையெல்லாம் பாட்டியிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் செவிலியர் வீட்டுக்கு வரும்போது பாட்டியையும் மாமியாரையும் கணவரையும் கூடவே உட்காரவைத்துப் பேச வேண்டும். குறிப்பாகக் கணவர். நம் வீடுகளில் மாப்பிள்ளை என்றால் ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்று ஆக்கிவைத்திருக்கிறோம். ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்துக்கொள்ள அவருக்கும் சொல்லிக்கொடுத்தால் அவர் அழகாகக் கற்றுக்கொள்வார்.

மனதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் இன்னமும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், சின்னச் சொல்லுக்குச் சுள்ளென்று கோபம் வருவதும் மிகப் பல தாய்மார்களுக்கு நேர்கிறது. தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல், நான் நல்ல தாயில்லை என்ற எண்ணமே சுழன்றுகொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோய். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்து தாய்மார்களில் ஒருவருக்கு இது இருப்பதாகத் தெரியவந்தது. எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1987ல் இதற்காக உருவாக்கப்பட்டது. அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் நம் பெண்களிடமே சோதித்து, பயன்படுத்தத் தகுந்தது என்று 2005லேயே எழுதியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் போதும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்கலாம்.

வீட்டில் அப்படி யாரும் கேட்பதில்லை. "ராசா மாதிரி பிள்ளையைப் பெத்து வெச்சுக்கிட்டு ஏன் அழறே?" என்றுதான் கேட்போம். பெண் குழந்தை பிறந்த வீட்டில் அந்தப் பேச்சின் தொனியே வேறாக இருக்கும், அதையும் அவள் தாங்க வேண்டும். அவள் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வாள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு நோய் இன்னும் முற்றி, இல்லாத குரல் கேட்பதும், பிள்ளையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வருவதும் உண்டு. அது பேயும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய அவசரம். மருந்தால் முழுக்கக் குணமாகிற நோய். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்காமல் இருவரையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. அப்படி ஒரு பிரிவு நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வீடு தேடிப்போய்க் கற்றுக்கொடுத்தால் உண்மையிலேயே மாற்றம் வருமா? வரும் என்பதற்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டமே சாட்சி. காடும் வறுமையும் சூழ்ந்த அந்த மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 39 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலேயே வசிக்கும், ஓரளவு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். எடை போட்டார்கள், மூச்சை எண்ணினார்கள், பிள்ளையை எப்படிக் கதகதப்பாக வைத்துக்கொள்வது, எப்படிப் பால் கொடுப்பது, எந்த அறிகுறி ஆபத்து என்று தாய்க்குச் சொன்னார்கள், தொற்று கண்ட பிள்ளைக்கு அங்கேயே ஊசியும் போட்டார்கள். மூன்றாம் ஆண்டில் அந்தக் கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு, இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்த ஆய்வின் பலனாகத்தான் 2011ல் இந்திய அரசு வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் பிறந்த பிள்ளையானாலும் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதன் விதி.

தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கென்றே தனியாக நடத்தப்பட்ட முயற்சியும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற ஊரில் 1977ல் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கியது அது. முதல் முறை தாயாகும் ஏழைப் பெண்கள், வயது முதிராதவர்கள் ஆகியோரின் வீட்டுக்கு ஒரு செவிலியர் கர்ப்ப காலத்தில் தொடங்கி, பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை போய்வருவார். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பங்களில் பிள்ளைகளை அடிப்பதும் கவனிக்காமல் விடுவதும் குறைந்திருந்தது. முதல் பிள்ளையோடு கற்றுக்கொள்வது அடுத்த பிள்ளைகளுக்கும் உதவும் என்பதுதான் தலைப்பிரசவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். இங்கிலாந்து 2007ல் இதைத் தன் ஊருக்குக் கொண்டுபோனது. ஆனால் 2015ல் வெளியான பெரிய ஆய்வு, எதிர்பார்த்த பலன் அங்கே கிடைக்கவில்லை என்றது. அந்த நாட்டில் எல்லாத் தாய்க்கும் செவிலியர் வீட்டுக்கு வருவது ஏற்கெனவே வழக்கமாக இருந்தது, அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று கருதப்படுகிறது. எனக்கு இதில் கிடைக்கும் பாடம், யாருமே வராத வீட்டுக்கு ஒருவர் போவதில்தான் பெரும்பலன் இருக்கிறது என்பது.

நெதர்லாந்தில் பிரசவம் முடிந்து வீடு திரும்பியவளுக்கு எட்டுப் பத்து நாள் ஒரு மகப்பேற்று உதவியாளர் தினமும் பல மணி நேரம் வீட்டிலேயே வந்திருந்து கற்றுக்கொடுக்கிறார், செலவில் பெரும்பகுதி காப்பீட்டில் சேரும். இவ்வளவு தூரம் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் குடும்பநல மருத்துவமாது முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறையாவது பிள்ளை பெற்றவளைத் தேடிப் போக வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. அவரவர் பகுதியில் எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

நம் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரியும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஆனால் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, முகாம்கள், இவை எல்லாவற்றுக்கும் பதிவேடும் கணினியும் என்று அவர் தலையில் இருக்கும் சுமை பெரிது. ஒரு வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச அவருக்கு எங்கே நேரம்? பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் இந்தச் செவிலியரின் பகுதியிலிருந்து அவர் மறைந்துவிடுகிறார், தாய்வீட்டுப் பகுதிச் செவிலியரின் பட்டியலில் உடனே ஏறுவதும் இல்லை. நகரத்தில், அதுவும் தனியார் மருத்துவமனையில் பிரசவித்த பெண்ணை வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் மட்டுமே.

அதனால் அரசை நோக்கி ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். எல்லோருக்கும் எல்லாம் உடனே முடியாவிட்டாலும், தலைப்பிரசவம் ஆன பெண்களிலிருந்து தொடங்கலாம். யாருக்கு முதல் பிரசவம் என்பது பிக்மி பதிவிலேயே இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்த மூன்று நாளுக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டும், அது தாய்வீடாக இருந்தாலும் மாமியார் வீடாக இருந்தாலும். அந்த வேலைக்கென்றே தனியாக ஆள் போட வேண்டும், ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற செவிலியர் தலையில் இதையும் ஏற்றக்கூடாது. இரண்டு மூன்று பிள்ளை வளர்த்த, ஓரளவு படித்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்சிரோலியில் அந்தக் கிராமத்துப் பெண்களால் முடிந்தது நம் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களால் முடியாதா? தனியார் மருத்துவமனைகளும் பிரசவ பேக்கேஜில் போட்டோ ஷூட் சேர்க்கிற நேரத்தில், வீட்டுக்கு ஒரு செவிலியரை இரண்டு முறை அனுப்புவதைச் சேர்க்கட்டும்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றியும் பிரசவமான முதல் ஆறு வாரத்துக்குள் பேசிவிட வேண்டும். மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே கருத்தரிக்க முடியும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பால் கொடுப்பதே பாதுகாப்பு என்பது, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருக்கும்வரைதான். இதை மகளிடம் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். செவிலியருக்குக் கூச்சம் இருக்காது.

வாசகர்களே, அரசு செய்யும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளை பார்க்கப் போகும்போது தங்க மோதிரமோ சட்டையோ கொண்டுபோகிறோம். யார் ஜாடை என்று பேசுகிறோம். பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, பெற்றவளிடம் போய் உட்காருங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏதாவது பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். நான் பிள்ளை பெத்தப்போ என்று நம் கதையை ஆரம்பிக்காமல் இருப்பது அவளுக்குச் செய்யும் பெரிய உதவி. தைரியமாக ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கையில் நெஞ்சுக்கூடு உள்வாங்கினால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால் உடனே மருத்துவமனை. தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தம் போனால், காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தால், தலைவலி தாங்காமல் கண் மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அவளுக்கும் உடனே மருத்துவமனை. அவசரத்துக்கு 108, சந்தேகம் கேட்க 104, மனம் கலங்கினால் பேச 14416. மூன்றுமே கட்டணமில்லாத எண்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தலைப்பிரசவம் ஆகி வந்த பெண் இருந்தால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவள் படுக்கிற அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் அவளோடும் அவள் அம்மாவோடும் கணவரோடும் உட்கார்ந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்